42 வீதமா, 55 வீதமா: மச்சானுக்கு ஒரு கடிதம்

யாழ்ப்பாணம்
06.10.2024

அன்பின் மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். போன மாதம் நடந்த இலங்கை ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி உன் கடிதத்தில் பாதி கேள்வி, பாதி கோபம். "42 வீதம் எடுத்தவர் எப்படி ஜனாதிபதி? இரண்டாம் தரம் எண்ணினதிலை என்னவோ நடந்திருக்கு" என்று உங்கள் பக்கத்து ஆக்கள் சொல்லுகினமாம். இங்கேயும் தேத்தண்ணிக் கடைகளில் அதே கதைதான். பக்கத்து மேசையில் இருப்பவர் "55 வீதம் எடுத்து வென்றவரடா" என்று மறுப்பார். இரண்டு எண்ணும் ஒரே பெட்டிகளுக்குள் இருந்து வந்தவைதான். அந்தக் கணக்கை முதலில் முடித்துவிட்டுச் சனத்தின் கதைக்கு வருகிறேன். சனத்தின் கதையில் அரைவாசி, கணக்குப் பிடிபடாததால் வந்தது.

செப்டெம்பர் 21 அன்று விழுந்தவற்றில் செல்லுபடியான வாக்குகள் 13,319,616. அதில் பாதி 6,659,808. அதற்கு மேலே ஒரு வாக்காவது கூட எடுத்தால் முதல் எண்ணிக்கையிலேயே ஆள் ஜனாதிபதி. கடைசியில் வென்ற அநுர குமார திசாநாயக்க எடுத்தது 5,634,915. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த சஜித் 4,363,035, பதவியில் இருந்த ஜனாதிபதி ரணில் 2,299,767, நாமல் 342,781, சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் 226,343. பாதிக்கோட்டைத் தொட அநுரவுக்குப் பத்து இலட்சத்துக்கு மேலே காணாது. 1982 தொடக்கம் 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தலிலும் வென்றவர் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைத் தாண்டியதால், சட்டத்தில் இருந்த இரண்டாம் எண்ணிக்கை 42 வருடமாக ஒருவரும் பாவிக்காத சாமானாகக் கிடந்தது. வீதக் கணக்கில் மிகக் கிட்டப் போனது 2005 இல்: மகிந்த எடுத்தது 50.29 வீதம், கோட்டுக்கு மேலே 28 ஆயிரம் சொச்ச வாக்குத்தான்.

இந்த முறைதான் அந்தச் சாமானைத் தூசு தட்டி எடுத்தார்கள். ஞாயிறு பின்னேரம் தேர்தல் ஆணைக்குழு இரண்டாம் எண்ணிக்கை என்று அறிவித்தவுடன் சனம் நினைத்தது, எல்லாப் பெட்டியையும் திரும்பக் கவிழ்த்து முழுவதையும் எண்ணுகிறார்கள் என்று. அப்படி இல்லை. முதல் இரண்டு பேருக்கு விழுந்த சீட்டுகளில் ஒருவரும் கை வைக்கவில்லை. மற்ற 36 பேருக்கும் முதல் விருப்பாக விழுந்த சீட்டுகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள்.

சீட்டில் மூன்று பேர் வரை 1, 2, 3 என்று விருப்பு வரிசை போடலாம். மூன்று சீட்டை உன் முன்னால் விரித்து வைக்கிறேன், பார். முதலாவதில் சங்குக்கு 1, ரணிலின் சிலிண்டருக்கு 2, சஜித்தின் தொலைபேசிக்கு 3. சங்கு வெளியே போய்விட்டது. 2 யாருக்கு? சிலிண்டருக்கு. அதுவும் வெளியே. உடனே 3 ஐப் பார்க்கிறார்கள். தொலைபேசி போட்டியில் நிற்கிறது, ஆகவே அந்தச் சீட்டு சஜித்தின் கணக்கில் ஒரு முழு வாக்காக ஏறும். மூன்றாவது விருப்பு என்பதற்காகக் கால் வாக்கு, அரை வாக்கு என்று குறைப்பதில்லை. இரண்டாவது சீட்டில் சங்குக்கு 1, நாமலின் மொட்டுக்கு 2, மூன்றாவது ஒன்றும் இல்லை. அந்தச் சீட்டு அதோடு சரி, ஒருவர் கணக்கிலும் ஏறாது. மூன்றாவதில் அநுரவின் திசைகாட்டிக்கு 1, தொலைபேசிக்கு 2. அந்த 2 ஐ ஒரு உத்தியோகத்தரும் பார்க்கமாட்டார், ஏனென்றால் அந்தச் சீட்டின் முதலாம் ஆள் இன்னும் போட்டியில் நிற்கிறார். "இரண்டாவதை மற்றவனுக்குப் போட்டால் எங்கட ஆளுக்கு வெட்டு" என்று பயந்தவர்கள் கனபேர். சும்மா பயம். உன் முதலாம் ஆள் தோற்று வெளியே போனால் ஒழிய உன் இரண்டாவது விருப்புக்கு உயிரே வராது.

இப்படிப் பார்த்ததில் அநுரவுக்கு 105,264, சஜித்துக்கு 167,867 கூடச் சேர்ந்தன. இறுதியில் 5,740,179 க்கு 4,530,902. இந்தக் கட்டத்தில் பாதியைத் தாண்ட வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, இருவரில் கூட உள்ளவர் வென்றார். இருவருக்கும் எஞ்சிய வாக்குகளை மட்டும் நூறாக எடுத்தால் அநுரவுக்கு 55.89 வீதம். முழுச் செல்லுபடியான வாக்கையும் நூறாக எடுத்தால் 43.10. பதிவான வாக்காளர் ஒரு கோடியே 71 இலட்சம் பேரையும் வைத்துப் பார்த்தால் மூன்று பேரில் ஒருவர். மூன்றும் சரியான கணக்கு. ஆருக்கு எது வசதியோ அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள்.

இனி நீ கேட்காமல் விட்ட கேள்வி. வெளியே போன 36 பேருக்கும் விழுந்தவை மொத்தம் 3,321,666. அதில் இருவரில் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தவை 273,131 மட்டும், நூற்றுக்கு எட்டு. மற்ற முப்பது இலட்சம் சீட்டும் அந்தக் கட்டத்தில் பேசவே இல்லை. இதைத்தான் சஜித்தின் ஆக்கள் இப்போது நெஞ்சில் அடிக்கிறார்கள்: எல்லோரும் 2, 3 போட்டிருந்தால் வென்றிருப்போமாம். காகிதமும் பேனையும் எடுத்துப் பார். போடப்பட்ட விருப்புகளில் சஜித்துக்குப் போனது 61 வீதம் அளவில். முப்பத்துமூன்று இலட்சம் பேரும் இதே விகிதத்தில் போட்டிருந்தாலும் அநுர ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்கால் முன்னுக்கு நின்றிருப்பார். சஜித் வெல்ல வேண்டுமானால், ஒருவர் விடாமல் எல்லோரும் விருப்பு அடையாளம் இட்டு, அதில் 69 வீதத்துக்கு மேல் அவருக்கே விழுந்திருக்க வேண்டும். போடாமல் விட்டவர்களின் மனம் போட்டவர்களின் மனம் மாதிரியே இருந்திருக்கும் என்று சத்தியம் பண்ண ஏலாதுதான். ஆனால் ஏதோ தில்லுமுல்லு என்று சொல்ல இதில் இடமே இல்லை மச்சான்.

ஏன் இவ்வளவு பேர் போடவில்லை? ஒரு காரணம் புள்ளடி (X அடையாளம்). எங்கள் சனத்துக்கு வாக்கு என்றாலே புள்ளடிதான். ஜனாதிபதித் தேர்தலில் தனிப் புள்ளடி போட்டாலும் அதை முதல் விருப்பாகவே எடுப்பார்கள், வாக்குப் பழுதில்லை. ஆனால் புள்ளடி போட்ட கை அதோடு நின்றுவிடும். 1 என்று எழுதினவனுக்குத்தான் 2 ஞாபகம் வரும்.

என்னைக் கேட்டால் பெரிய காரணம் ஒரு சொல். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்குள் ஆளைத் தெரிவதற்குப் பெயர் விருப்பு வாக்கு. ஜனாதிபதித் தேர்தலில் 2, 3 போடுவதற்கும் பெயர் விருப்பு வாக்கு. இரண்டும் வேறு வேறு சங்கதி. "எங்கட ஆளுக்கு விருப்பு வாக்கும் போட்டுவிட்டன்" என்று ஜனாதிபதித் தேர்தல் முடிந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள். என்ன செய்தார்களோ ஆருக்குத் தெரியும். 39 பெயர் அச்சடித்த நீளச் சீட்டு வேறு, அதில் ஒருவர் இடையில் காலமாகிவிட்டதால் உண்மையில் போட்டியில் நின்றவர்கள் 38 பேர். பெயர்கள் சிங்கள அகரவரிசையில் போவதால் தமிழ் வாசிப்பவர் ஒழுங்கைப் பிடிக்க முடியாமல் சின்னத்தைத் தேடித்தான் போக வேண்டும். ஒரு சின்னத்தைத் தேடிப் பிடிப்பதே பாடு. இன்னும் இரண்டைத் தேட வயசானவர்களுக்குப் பொறுமை ஏது?

நிராகரிக்கப்பட்டவை நாடு முழுக்க 300,300, போடப்பட்டதில் 2.2 வீதம். 2019 இல் இது 1 வீதந்தான். யாழ் மாவட்டத்தில் மட்டும் 25,353. அதே மாவட்டத்தில் அநுர எடுத்தது 27,086. அதாவது ஜனாதிபதியாக வந்தவருக்கு விழுந்ததும், பழுதென்று ஒதுக்கப்பட்டதும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒன்றும் எழுதாத வெறுஞ்சீட்டு, இரண்டு பேருக்கு 1 போட்டது, 1 இல்லாமல் 2, 3 மட்டும் போட்டது, கையெழுத்து வைத்தது, இவை எல்லாம் பழுதுதான். இதில் எவ்வளவு தெரியாமல் விட்ட பிழை, எவ்வளவு வேண்டுமென்றே செய்தது என்பதை ஒரு எண்ணும் நிலையத்திலும் பிரித்துச் சொல்ல முடியாது. தேர்தலைப் பகிஷ்கரியுங்கள் என்று தமிழ்த் தேசிய மக்கள் முன்னணித் தலைவர் கஜேந்திரகுமாரின் ஆக்கள் ஊர் ஊராகத் துண்டுப்பிரசுரம் கொடுத்ததையும், வீட்டில் இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று போய்க் கிறுக்கிவிட்டு வரும் சனம் இருப்பதையும் சேர்த்து நீயே யோசி.

இனிச் சனத்தின் கதை. தெற்கில் வாக்கெண்ணிய இரவே மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. முதலில் வருவது தபால் மூல வாக்கு. அதைப் போடுவது அரச உத்தியோகத்தர், பொலிஸ், படை. அந்த முடிவுகளில் அநுர வெகுவாக முன்னுக்கு நின்றதால், விடியமுன்னரே "முடிஞ்சுது" என்ற கதை பரவிவிட்டது. இரவு 10 மணிக்குப் போட்ட ஊரடங்கை அடுத்த நாள் மத்தியானம் வரை நீட்டினார்கள். பயந்த மாதிரி ஒரு கலவரமும் இல்லை. மொத்தம் 22 தேர்தல் மாவட்டங்களில் 15 அநுரவுக்கு. யாழ்ப்பாணம், வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு, திகாமடுல்ல (அம்பாறை), நுவரெலியா, பதுளை என்ற ஏழும் சஜித்துக்கு. வரைபடத்தில் நிறம் தீட்டிப் பார்த்தால் தமிழ், முஸ்லிம், மலையகச் சனம் செறிந்த இடங்கள் ஒரு நிறம், மற்றவை இன்னொரு நிறம். இதைப் பார்த்துத் தெற்கில் சிலருக்கு எங்கள் மேல் மனக்குறை, "மாற்றத்துக்கு நீங்கள் வரேல்லையே" என்று.

வராததற்குக் காரணம் இருக்கிறது. 1987 இல் இலங்கை இந்திய ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்த கட்சி அநுரவின் ஜே.வி.பி. வடக்குக் கிழக்கு இணைப்பு செல்லாது என்று 2006 இல் உயர் நீதிமன்றம் தீர்த்ததும் அவர்கள் பக்கத்தில் இருந்து போன வழக்கில்தான். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆக்களுக்கு இதெல்லாம் விரல் நுனியில். அவர்கள் வாயில் வருவது, "உவையும் அவையும் ஒண்டுதான், நிறந்தான் வேறை". இருபது வயதுப் பிள்ளைக்கு 2006 என்பது தவண்டு திரிந்த காலம். அதற்குத் தெரிந்தது 2022 இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் நின்ற வரிசை. "திண்டு கொழுத்தவை எல்லாரும் போகட்டும், இவரை ஒருக்கா விட்டுப் பாப்பம்" என்கிறது அது. ஒரே வீட்டுக்குள் இந்த இரண்டு பேச்சும் நடக்கிறது.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு 2017 இலிருந்து வீதியில் இருக்கிற தாய்மார் இரண்டு பக்கமும் சாயவில்லை. "ஆர் வந்தாலும் முதலிலை எங்கட பிள்ளையளுக்குப் பதில் சொல்லட்டும்" என்பதுதான் அவர்கள் பேச்சு. 71, 87-89 கிளர்ச்சிகளில் தன்னுடைய பொடியன்களைக் காணாமல் போகக் கொடுத்த கட்சி ஜே.வி.பி., அந்த வலி தெரிந்திருக்கும் என்று ஒருவர் சொன்னால், தெரிந்தும் போர்க்காலத்தில் எந்தப் பக்கம் நின்றது என்று மற்றவர் கேட்கிறார். எனக்கும் இதற்கு விடை இல்லை.

யாழ் மாவட்டத்து எண்ணிக்கையைப் பார்த்தாயானால் சஜித் 121,177, அரியநேத்திரன் 116,688, ரணில் 84,558. சங்குக்காரர் இதை வெற்றி என்கிறார்கள். தமிழரசுக் கட்சி சஜித்துக்கு ஆதரவு என்று முடிவெடுத்த பிறகும் இவ்வளவு விழுந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் மட்டக்களப்பில், அரியநேத்திரனின் சொந்த மாவட்டத்தில், அவருக்கு 36,905, சஜித்துக்கு 139,110. பொது வேட்பாளர் யோசனையைக் கதைத்த காலத்தில் இரண்டாவது விருப்பைப் பேரம் பேசும் துருப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பேரம் என்றால் கையில் இருக்கிற 2 ஐ எங்கே போடுவது என்று சனத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும். 226,343 வாக்கை எங்கேயும் போகாமல் கட்டி வைத்துவிட்டுப் பேரம் பேச ஏலாது. என் பார்வையில் இந்தத் தேர்தலில் எங்கள் ஆக்கள் விட்ட தொழில்நுட்பப் பிழை இதுதான். அதைவிட அநுரவுக்கும் சஜித்துக்கும் இடையே இருந்த பன்னிரண்டு இலட்ச இடைவெளியை இரண்டேகால் இலட்சத்தால் அசைக்க முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மலையகத்தில் பேச்சு முழுக்கச் சம்பளம். 1,000 ரூபாவில் இருந்த தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம், 1,700 என்று மேடை மேடையாகப் பேசப்பட்டு, தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்கும்போது அடிப்படை 1,350 என்று வந்து நின்றது. தொண்டமான் கட்சி ரணிலோடு, மனோ கணேசன் தரப்பு சஜித்தோடு. இரண்டையும் மீறி நுவரெலியாவில் அநுரவுக்கு 105,057 விழுந்ததை அங்குள்ள தலைவர்கள் ஆறுதலாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரணிலுக்குப் போட்டவர்கள் அமைதியாகக் கவலைப்படுகிறார்கள். அவர் வரிசையை நிறுத்தினார் என்பதை மற்றவர்களும் மறுப்பதில்லை, ஆனால் அதற்கு விலையாக வந்த வற் (VAT) வரி 18 வீதத்தையும் மாதம் ஒரு இலட்சத்துக்கு மேல் உழைத்தால் வரி என்பதையும் மறக்கவில்லை. அநுர அந்த எல்லையை இரண்டு இலட்சமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார். வங்கி ஆக்களும் வைத்தியர்களும் பல்கலைக்கழக ஆக்களும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் போட்ட நாலு வருட உடன்படிக்கையில் அரசு வருமானத்துக்கு இலக்கு இருக்கிறது. ஒரு வரியைக் குறைத்தால் அதே அளவு பணம் வேறு எங்கிருந்தோ வர வேண்டும். ஆகவே தை மாதமே எல்லாம் மாறும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம் இருக்கிறது. டொலர் எகிறும் என்று பயந்த வியாபாரிகளுக்கும் ஒரு விதத்தில் ஏமாற்றந்தான், இரண்டு கிழமையாகியும் எகிறவில்லை.

இப்போது எல்லோர் கண்ணும் நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில். பதவியேற்ற அடுத்த நாளே பாராளுமன்றத்தைக் கலைத்துவிட்டார். கலைக்காமல் என்ன செய்வது, 225 இல் அவருடைய கட்சிக்கு இருந்தது மூன்று பேர். யாழ் மாவட்டத்துக்கு இந்த முறை 6 ஆசனம், 2020 ஐ விட ஒன்று குறைவு. முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு மேலதிக ஆசனம், மிச்சம் ஐந்தும் வாக்கு விகிதப்படி. 5 வீதத்துக்குக் கீழே எடுத்த கட்சி கணக்கிலேயே இல்லை. செப்டெம்பர் எண்களை அப்படியே போட்டுப் பார்த்தேன்: தொலைபேசிக்கு 3, சங்குக்கு 2, சிலிண்டருக்கு 1, திசைகாட்டிக்குப் பூச்சியம். இதைக் காட்டித் தமிழ்க் கட்சிக்காரர் நிம்மதியாக நித்திரை கொள்கிறார்கள். கொள்ளக் கூடாது. நியமனப் பத்திரம் 11 ஆம் திகதி வரை எடுக்கிறார்கள், அதற்குள் தமிழ்த் தரப்பில் எத்தனை கட்சி, எத்தனை சுயேச்சைக் குழு என்று விரல் விட்டு எண்ண ஏலாது போல் இருக்கிறது. பத்தாகப் பிரிந்து ஒவ்வொன்றும் 4 வீதம் எடுத்தால் 40 வீத வாக்கும் வாய்க்காலில் போகும். அப்போது 20 வீதம் எடுக்கிற ஒருவர் முதலாவதாக வந்து அந்த மேலதிக ஆசனத்தையும் அள்ளிக்கொண்டு போவார். அது திசைகாட்டியாக இருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

உன் அக்காவோடு கதைக்கும்போது ஒன்றை மறக்காமல் சொல்லிவிடு. அவ செப்டெம்பரில் 1, 2, 3 போடப் பழகிவிட்டா என்று எழுதியிருந்தாய். நவம்பர் சீட்டில் அதைச் செய்தால் வாக்குப் பழுதாகும். மேலே கட்சிகளின் பெயர் இருக்கும். ஒரே ஒரு கட்சிக்கு நேரே ஒரு புள்ளடி. கீழே இலக்கங்கள் மட்டும் இருக்கும், அவை அந்தந்தக் கட்சி வேட்பாளர்களின் இலக்கம், பெயர் இருக்காது. தனக்கு வேண்டியவர்களின் இலக்கத்தை வீட்டிலேயே மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய், ஆகக்கூடியது மூன்று இலக்கத்துக்குப் புள்ளடி. நாலாவது போட்டால் ஆளுக்கான விருப்பு வாக்கு போய்விடும். மேலே கட்சிக்குப் புள்ளடி போடாமல் கீழே இலக்கத்துக்கு மட்டும் போட்டாலும் பிரயோசனம் இல்லை. வாக்காளர் அட்டை தபாலில் வராவிட்டால் வீட்டில் இருந்துவிட வேண்டாம், பெயர் இடாப்பில் இருந்தால் அடையாள அட்டையோடு போகலாம். காலமை 7 மணிக்குத் தொடங்கும், வெயிலுக்கு முதல் போய்விட்டு வரச் சொல்.

அங்கே உன்னோடு வாதாடுகிற அந்த 42 வீதக்காரரிடம் மேலே எழுதின மூன்று சீட்டையும் வரைந்து காட்டு. அதன் பிறகும் ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு எழுது, மாவட்ட வாரியான எண்ணிக்கை முழுவதையும் பிரதி பண்ணி அனுப்புகிறேன்.

பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்.

என்றும் உன்
மச்சான்